இடியின் பாதையில் ஒரு கவிஞர்
கிறிஸ்டோபர் ஒகிக்போ (1932–1967)

1962ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உகாண்டா நாட்டின் கம்பாலா நகரிலுள்ள மக்கரேரே பல்கலைக்கழகக் கல்லூரியில் ஒரு மாநாடு கூடியது. ஆங்கிலத்தில் எழுதும் ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் பல நாடுகளிலிருந்தும் வந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்த மாநாடு அது. நைஜீரியாவிலிருந்து சென்றிருந்தவர்களுள் முப்பது வயதை எட்டாத இளைஞர் ஒருவர் இருந்தார். கவிஞர் அல்லாதார் முன் தம் கவிதையைப் படிப்பதில்லை என்று அவர் அங்கே அறிவித்தது பின்னாளில் பலராலும் நினைவுகூரப்பட்டது. அதைச் செருக்கு என்று கொள்வாரும் உண்டு. கவிதையின்மேல் வைத்த பக்தி என்று கொள்வாரும் உண்டு.

அந்த இளைஞர் கிறிஸ்டோபர் ஒகிக்போ. ஐந்தே ஆண்டுகள் கழித்து, 1967இல், பயாஃப்ராப் படையின் மேஜராக, என்சுக்கா நகரை ஒட்டி நடந்த சண்டையில் அவர் உயிர்விட்டார். வயது 35.

கவிஞர்களுக்காகவே எழுதுவதாகச் சொன்னவர் எப்படித் துப்பாக்கியோடு மாண்டார்? கவிதைக்கு இனமும் நிறமும் இல்லை என்று வாதாடியவர் ஓர் இனத்தின் தனிநாட்டுக்காக ஏன் உயிரைக் கொடுத்தார்? கவிதையின் பொருட்டே கூடிப் பத்தாண்டுகளைக் கடந்திருக்கும் ஒரு வட்டத்தின் மலரில் இவ்வினாக்களைத் தவிர்த்துவிட்டு அவர் வாழ்வைப் பேச இயலாது. இவற்றுக்கு முடிந்த முடிபாக ஒரு விடை சொல்லவும் இயலாது. எனினும் அந்த வாழ்வு நம்மிடம் சொல்லிப்போவது ஒன்று உண்டு.

இடோட்டோவின் பூசகர்

கிழக்கு நைஜீரியாவில், நைஜர் ஆற்றங்கரை நகரமான ஒனிச்சாவுக்கு அருகில் ஓஜோட்டோ என்றோர் ஊர் உண்டு. 1932ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் அங்கே இக்போ இனக் குடும்பம் ஒன்றில் ஒகிக்போ பிறந்தார். தந்தையார் கத்தோலிக்க மிஷன் பள்ளிகளில் ஆசிரியர். பணியின் பொருட்டு ஊர் ஊராக மாறியவர். தாயார் ஒகிக்போவின் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார். மூத்த சகோதரர் பயஸ் ஒகிக்போ பின்னாளில் நைஜீரியாவின் தலைசிறந்த பொருளியல் அறிஞர்களுள் ஒருவராக விளங்கினார்.

ஓஜோட்டோவில் இடோட்டோ என்றொரு சிற்றாறு ஓடுகிறது. அந்நீரில் உறையும் தாய்த்தெய்வத்துக்கும் அதுவே பெயர். ஒகிக்போவின் தாய்வழிப் பாட்டனார் அத்தெய்வத்தின் பூசகர். பாட்டனே பேரனாக மறுபிறவி எடுத்திருக்கிறார் என்பது குடும்பத்தாரின் நம்பிக்கை. எனவே பூசகர் பணி பிறப்பிலேயே அவருக்கு உரியதாயிற்று. வளரும்வரை அவர் சார்பில் தாய்மாமன் அதனைச் செய்துவந்தார். வீட்டில் இயேசுவின் திருவுருவம், ஆற்றங்கரையில் இடோட்டோ. இரண்டுக்கும் நடுவே அச்சிறுவர் வளர்ந்தார்.

ஆற்றங்கரைக்குத் திரும்பிச்சென்று பூசை செய்யும் வாழ்க்கை அவருக்கு வாய்க்கவில்லை. ஆனால் கவிதை எழுதுவதே தாம் அந்தக் கடமையை ஆற்றும் முறை என்று அவர் பின்னர்க் கருதினார். அவருடைய முதல் தொகுதி, அயலகம் சென்று அலைந்து திரும்பிய மகன் பிழை உணர்ந்து ஆற்றுத்தாயின் முன் நிற்கும் காட்சியோடு தொடங்குகிறது. அத்தொகுதிக்கு அவர் இட்ட பெயர் 'ஹெவன்ஸ்கேட்'. நம் வழக்கில் சொன்னால் சொர்க்கவாசல். இரு சமயங்களின் வாசலிலும் நின்றவருக்குப் பொருந்திய பெயர்தான்.

இபாடன் நாட்கள்

உமுவாஹியா அரசினர் கல்லூரி அக்காலத்தில் கிழக்கு நைஜீரியாவின் புகழ்பெற்ற உறைவிடப் பள்ளி. நாவலாசிரியர் சினுவா அச்செபே அங்கே ஒகிக்போவுக்கு மூத்த மாணவர். ஒகிக்போ படிப்பில் ஆர்வமும் விளையாட்டில் அதைவிடப் பெரிய ஆர்வமும் கொண்ட மாணவராக இருந்தார். 1950இல் இபாடன் பல்கலைக்கழகக் கல்லூரியில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அடுத்த ஆண்டே அதைக் கைவிட்டு, கிரேக்கமும் இலத்தீனும் பயிலும் செவ்வியல் துறைக்கு மாறிக்கொண்டார். பியானோ வாசிப்பதில் தேர்ந்தவர். வோலே சோயிங்கா முதன்முதலாக மேடையேறிப் பாடியபோது அவருக்குப் பியானோ வாசித்தவர் ஒகிக்போவே.

1956இல் பட்டம் பெற்ற பிறகு எந்த வேலையிலும் அவர் நெடுங்காலம் நிலைக்கவில்லை. வணிக நிறுவனங்களில் இருந்தார். யொரூபா மக்களின் நிலப்பகுதியிலுள்ள ஃபிடிட்டி என்னும் சிற்றூர்ப் பள்ளியில் இலத்தீன் கற்பித்தார். அங்கே, 1958ஆம் ஆண்டளவில்தான், கவிஞராக அல்லாமல் வேறு எதுவாகவும் தம்மால் இருக்க முடியாது என்பதை உணர்ந்துகொண்டார். 1960இல், நாடு விடுதலை பெற்ற அதே ஆண்டில், என்சுக்காவில் புதிய பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. ஒகிக்போ அதன் துணை நூலகர் ஆனார். அவருடைய குரல் முழுமையாக உருப்பெற்றது அந்த மலைச்சரிவு நகரில்தான். உயிர் பிரிந்ததும் அதன் வாயிலில்தான்.

1962இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் மேற்கு ஆப்பிரிக்கப் பிரதிநிதியாக மீண்டும் இபாடன் வந்தார். அங்கே 1961இல் தொடங்கப்பட்டிருந்த 'எம்பாரி' என்னும் எழுத்தாளர் - கலைஞர் மன்றம் அந்நாளைய நைஜீரியாவின் இலக்கிய முற்றமாக இருந்தது. 'எம்பாரி' என்பது இக்போ சொல். பூமித்தாய்க்காக ஊர்மக்கள் கூடி மண்ணால் எழுப்பிச் சிற்பங்களால் நிறைக்கும் படையல் வீட்டைக் குறிப்பது. அப்பெயரைப் பரிந்துரைத்தவர் இக்போ இனத்தவரான அச்செபே. மன்றத்தைத் தொடங்குவதில் முன்னின்றவர் ஜெர்மானியரான உல்லி பையர். யொரூபா இனத்தவரான சோயிங்காவும், நைஜர் கழிமுகத்து இஜோ இனத்தவரான ஜான் பெப்பர் கிளார்க்கும் அம்முற்றத்தில் ஒன்றாக அமர்ந்தனர். ஒகிக்போவின் முதல் இரு தொகுதிகளான 'ஹெவன்ஸ்கேட்' 1962இலும் 'லிமிட்ஸ்' 1964இலும் எம்பாரி வெளியீடுகளாகவே வந்தன.

அவருடைய கவிதை எளிதில் பிடிபடுவது அன்று. வர்ஜிலும் எலியட்டும் பவுண்டும் அதில் உண்டு. ஓஜோட்டோவின் சடங்குகளும் பறையொலியும் உண்டு. தாம் கடன்பட்டவர்களைப் பட்டியலிட்ட இடத்தில் தாகூரின் பெயரையும் அவர் சேர்த்திருக்கிறார். சொல்லை அதன் பொருளுக்காக மட்டுமன்றி ஒலிக்காகவும் தேர்ந்தார். ஐரோப்பிய நவீனத்தின் இருண்மையை நாடித் தம் மண்ணின் குரலை இழந்தவர் என்று 1980இல் சின்வெய்ஸுவும் அவருடைய தோழர்களும் அவர்மீது கடுமையாகக் குற்றம் சாட்டினர். ஆனால் அவருடைய மகள் காத்துவைத்த தாள்கள் 2006இல் வகைப்படுத்தப்பட்டபோது, அவற்றிடையே இக்போ மொழியிலேயே அவர் எழுதிய கவிதைகளும் இருக்கக் கண்டனர். அத்தாள்கள் 2007இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

1963இல் அவர் மணந்துகொண்ட ஜூடித் சஃபினாட் ஆட்டா வட பிரதேசத்தைச் சேர்ந்த இக்பிரா மன்னரின் மகள். கிழக்கில் பிறந்து, மேற்கில் வாழ்ந்து, வடக்கில் பெண்ணெடுத்தவர் ஒகிக்போ என்பதை இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நைஜீரியா என்னும் நாடு ஒரு மனிதராக உருவெடுத்திருந்தால் அவருடைய வரலாறு ஏறத்தாழ இப்படித்தான் இருந்திருக்கும்.

பிளவு

அந்த நாடு பிரிட்டிஷார் தைத்த சட்டை. 1914இல் வடக்கையும் தெற்கையும் ஒரே ஆட்சியின்கீழ் இணைத்தார்கள். 1960 அக்டோபர் 1ஆம் நாள் விடுதலை கிடைத்தபோது மூன்று பிரதேசங்கள் இருந்தன. வடக்கில் ஹௌசா - ஃபுலானி மக்களும், மேற்கில் யொரூபா மக்களும், கிழக்கில் இக்போ மக்களும் பெரும்பான்மையினர். அவற்றுக்குள் சிறுபான்மை இனங்கள் பல. பரப்பில் மற்றவை அனைத்தையும் விடப் பெரியது வடக்கு. ஒவ்வொரு பிரதேசமும் மற்றதன் ஆதிக்கத்தை அஞ்சியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பே சண்டைக்குக் காரணமாயிற்று. 1962இல் மேற்குப் பிரதேசத்தில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதன் தலைவர் அவோலோவோ சிறை சென்றார். 1965இல் நடந்த பிரதேசத் தேர்தலின் முறைகேடுகள் தெருக்களில் தீயாக மூண்டன.

கவிஞருக்காகவே எழுதிய கவிஞரின் செவிகள் இவற்றுக்கு மூடியிருக்கவில்லை. 'சைலன்சஸ்' என்னும் கவிதை வரிசையின் முதற்பகுதிக்கு மேற்கு நைஜீரிய நெருக்கடியும் காங்கோவின் பத்ரீஸ் லுமும்பாவின் கொலையும் தூண்டுதல் என்று அவரே குறித்தார். பறைகளின் புலம்பலாக அமைந்த இரண்டாம் பகுதிக்குப் பின்னணி அவோலோவோவின் சிறைவாசமும் அவருடைய மூத்த மகனின் மரணமும். இக்போக் கவிஞர் ஒருவர் யொரூபாத் தலைவர் ஒருவரின் துயருக்காகப் பறையை அழவைத்தார் என்பது பிற்காலத்தை அறிந்த நமக்கு நெஞ்சைத் தொடும் செய்தி.

1966 ஜனவரி 15ஆம் நாள் இளம் இராணுவ அதிகாரிகள் சிலர் ஆட்சியைக் கவிழ்த்தனர். பிரதமர் பலேவாவும், வடக்கு, மேற்குப் பிரதேசங்களின் முதல்வர்களும் கொல்லப்பட்டனர். ஊழல் ஒழிந்தது என்று தெற்கே கொண்டாடினார்கள். ஆனால் சதியில் முன்னின்றோர் பெரும்பாலும் இக்போ இனத்தவர். கொல்லப்பட்ட தலைவர்களுள் கிழக்கின் முதல்வர் இல்லை. வடக்கு இதனை இக்போ சதி என்றே கொண்டது. முன்னின்றோருள் ஒருவரான மேஜர் இஃபெயாஜுனா ஒகிக்போவின் நண்பர். 1954ஆம் ஆண்டு வான்கூவர் விளையாட்டுப் போட்டியில் உயரம் தாண்டுதலில் தங்கப் பதக்கம் வென்று நாடே கொண்டாடிய வீரர் அவர்.

அந்தக் கொண்டாட்டத்தினிடையே ஒகிக்போ எழுதியவையே 'இடியின் பாதை' எனப் பொருள்படும் 'பாத் ஆஃப் தண்டர்' கவிதைகள். ஆறு கவிதைகள். முன்பிருந்த இருண்மை இவற்றில் விலகியிருந்தது. ஊர்ப் பறைக்காரர் பொதுவெளியில் நின்று அறிவிப்பது போன்ற குரல். இடி, யானை, கழுகு என்று வாய்மொழி மரபின் உருவங்கள். வெற்றிக் களிப்பில் ஆடுவோரை நோக்கி, வாசலில் காத்து நிற்கும் வேறொன்றைக் கவனிக்குமாறு அவை எச்சரித்தன. இறுதிக் கவிதை அவர் தம் மரணத்தையே முன்னுணர்ந்து எழுதிய இரங்கற்பா என்று பலரும் கருதுகின்றனர்.

அதே 1966இல் செனகல் நாட்டின் டாக்கார் நகரில் நடந்த முதல் உலகக் கறுப்பினக் கலைவிழாவில் கவிதைக்கான பரிசு அவருக்கு அறிவிக்கப்பட்டது. அவர் ஏற்க மறுத்துவிட்டார். கவிதையில் நல்லதும் அல்லாததுமே உண்டு. கறுப்புக் கவிதை என ஒன்று தனியே இல்லை என்பது அவர் சொன்ன காரணம்.

பரிசை அவர் மறுத்த ஆண்டிலேயே நாடு மனிதர்களை இனத்தின் பெயரால் பிரித்துக் கொல்லத் தொடங்கியது. ஜூலை 29இல் வட பிரதேச வீரர்கள் எதிர்ச்சதி நடத்தினர். இராணுவ ஆட்சித் தலைவர் இரான்சி கொல்லப்பட்டு யாகுபு கோவன் பதவிக்கு வந்தார். செப்டம்பரிலும் அக்டோபரிலும் வடக்கு நகரங்களில் வாழ்ந்த இக்போ மக்களும் பிற கிழக்கத்தியரும் பல்லாயிரக்கணக்கில் படுகொலை செய்யப்பட்டனர். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் உயிர் ஒன்றே உடைமையாகக் கிழக்கு நோக்கி ஓடிவந்தனர்.

சமாதானத்துக்கான வாசல் அப்போதும் முழுதும் மூடிவிடவில்லை. 1967 ஜனவரி 4, 5 நாட்களில் கானாவின் அபுரி என்னும் மலையூரில் கோவனும் கிழக்கின் ஆளுநர் ஒஜுக்வுவும் நேருக்கு நேர் அமர்ந்தனர். வன்முறையை நாடுவதில்லை என்றும், மத்திய அரசின் பிடியைத் தளர்த்துவது என்றும் இணங்கினர். ஊர் திரும்பியதும் ஒரே உடன்பாட்டை இருவரும் இருவேறு பொருளில் படித்தனர். மே 27இல் கோவன் நாட்டைப் பன்னிரண்டு மாநிலங்களாகப் பிரித்தார். மே 30இல் ஒஜுக்வு பயாஃப்ராக் குடியரசை அறிவித்தார். ஜூலை 6இல் போர் மூண்டது.

என்சுக்கா

ஒகிக்போ இபாடனை விட்டுக் கிழக்கின் தலைநகரான எனுகுவுக்கு வந்திருந்தார். அங்கே அவரும் அச்செபேயும் சேர்ந்து 'சிட்டடெல்' என்ற பெயரில் ஒரு பதிப்பகம் தொடங்கினர். அவர்கள் முதலில் கையிலெடுத்தது சிறுவர்க்கான ஒரு விலங்குக் கதை. அதற்காக மான் ஒன்றின் புலம்பலை ஒகிக்போ பாடலாக எழுதிக் கொடுத்தார். போர் அந்த அச்சகத்தைத் தின்றுவிட்டது. கதை மட்டும் தப்பி, சிறுத்தைக்கு நகம் வந்த கதையாக 1972இல் வெளிவந்தது.

போர் தொடங்கிய சில நாட்களிலேயே என்சுக்கா வீழ்ந்தது. பல்கலைக்கழகம் மத்திய அரசுப் படைகளின் கையில். ஒகிக்போ தொண்டராகப் படையில் சேர்ந்தார்; போர்முனையிலேயே மேஜர் நிலை பெற்றார். முறையான இராணுவப் பயிற்சி பெற்றவர் அல்லர். அவருடைய கல்விக்கும் தொடர்புகளுக்கும் வெளிநாட்டுத் தூதுப்பணியோ பிரசாரப் பணியோ எளிதாகக் கிடைத்திருக்கும். அச்செபே அத்தகைய பணிகளையே ஏற்றார். ஒகிக்போ முனைக்குச் சென்றார்.

ஜூலையில் எனுகு மலைமேட்டிலிருந்த அவருடைய வீடு விமானக் குண்டுவீச்சில் அழிந்தது. அச்சேறாத கையெழுத்துப் படிகள் பலவும் அதனோடு போயின. கவிதையில் எழுதிய தன்வரலாறு ஒன்றும் அவற்றுள் இருந்தது என்று அறிகிறோம். அடுத்த சில வாரங்களில், என்சுக்காவின் நுழைவாயிலான ஓபி என்னும் ஊர்ப் பகுதியில் நடந்த சண்டையில் அவர் வீழ்ந்தார். அவர் காக்கப் போரிட்ட எனுகு அக்டோபர் முதல் வாரத்தில் எதிரியின் கைக்குப் போயிற்று.

வானொலியில் அச்செய்தி வந்தபோது அச்செபே காரில் சென்றுகொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து அவர் அதனைச் சொன்னதும், அவருடைய மூன்று வயது மகன், ஒகிக்போவைச் சாகவிடாதே என்று தந்தையிடம் கதறினான். பின்னாளில் ஒகிக்போவின் நினைவாகக் கவிஞர்கள் பலர் எழுதியவற்றைத் தொகுத்து 1978இல் வெளியிட்டபோது, அச்செபே அந்தக் குழந்தையின் சொல்லையே நூலின் பெயராக வைத்தார்.

'இடியின் பாதை' கவிதைகள் 'பிளாக் ஆர்ஃபியஸ்' இதழில் வெளிவந்தது 1968 பிப்ரவரியில். எச்சரித்தவர் இறந்து மாதங்கள் ஆகியிருந்தன. எதைக் குறித்து எச்சரித்தாரோ அது நாடெங்கும் நடந்துகொண்டிருந்தது.

சமாதானம் தேடியவர்கள்

1967 ஆகஸ்ட் மாதத்தில் சோயிங்கா மேற்கிலிருந்து எனுகுவுக்குத் தனியே வந்து ஒஜுக்வுவைச் சந்தித்தார். பிரிவினையையும் ஏற்காமல், மத்திய இராணுவ ஆட்சியையும் ஏற்காமல், போரை நிறுத்தும் மூன்றாவது வழி ஒன்றை அவர் தேடினார். திரும்பிச் சென்றதும் மத்திய அரசு அவரைக் கைது செய்தது. 1969 அக்டோபர்வரை சிறையில், பெரும்பகுதி தனிமைச் சிறையில், அவர் கழித்தார்.

பயாஃப்ராப் படையில் பணியாற்றிய யொரூபா அதிகாரி விக்டர் பான்ஜோ, ஒகிக்போவின் நண்பர் இஃபெயாஜுனா உட்பட நால்வர், ஒஜுக்வுவைக் கவிழ்க்கச் சதி செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு, செப்டம்பர் இறுதியில் எனுகுவில் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஒரு நண்பர் எதிரியின் குண்டுக்கு இரையானார், இன்னொரு நண்பர் தம் தரப்பின் குண்டுக்கே இரையானார், மற்றொருவர் சிறையில். எம்பாரி முற்றம் காலியாகிவிட்டது.

அதன் பிறகு மேசைகள் பல போடப்பட்டன. 1968 மே மாதம் கம்பாலாவில், ஜூலையில் நியாமேயில், ஆகஸ்டில் அடிஸ் அபாபாவில், 1969 ஏப்ரலில் மன்ரோவியாவில். ஆறு ஆண்டுகளுக்கு முன் கவிஞர்கள் கூடிய அதே கம்பாலாவில் இப்போது பகைவர்கள் கூடினர். முதலில் பிரிவினையைக் கைவிடுங்கள், பிறகு போர் நிறுத்தம் என்றது ஒரு தரப்பு. முதலில் போர் நிறுத்தம், பிறகு மற்றவை என்றது மறு தரப்பு. இரண்டுக்கும் இடையில் சிக்கிக் குழந்தைகள் பட்டினியால் செத்தனர். முற்றுகைக்குள் அகப்பட்ட பயாஃப்ராவில் மடிந்தோர் பத்து இலட்சத்துக்கும் மேல் என்பது பலருடைய மதிப்பீடு. 1970 ஜனவரி 15ஆம் நாள், முதல் இராணுவப் புரட்சி நடந்து சரியாக நான்கு ஆண்டுகள் நிறைந்த நாளில், பயாஃப்ரா முறைப்படி சரணடைந்தது. வென்றோரும் இல்லை, தோற்றோரும் இல்லை என்று கோவன் அறிவித்தார். பெருமளவில் பழிவாங்கும் படுகொலை நிகழவில்லை என்பது அவருக்குப் பெருமை. ஆனால் வங்கியில் எவ்வளவு போட்டிருந்தாலும் இருபது பவுண்டு மட்டுமே திருப்பித் தரப்பட்ட இக்போ மக்களுக்குத் தோல்வியின் சுவை நன்றாகவே தெரிந்தது.

மறுமை வழக்கு

1971இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, ஒகிக்போவே திருத்தி ஒழுங்குபடுத்தி வைத்திருந்த கவிதைகளின் தொகுப்பான 'லாபிரிந்த்ஸ்'. 'இடியின் பாதை'யும் அதனோடு சேர்க்கப்பட்டது. நூல் அவருடைய மனைவிக்கும் மகளுக்கும் உரிமையாக்கப்பட்டிருந்தது. மற்றொன்று, கென்யாவைச் சேர்ந்த அறிஞர் அலி மஸ்ரூயி எழுதிய 'கிறிஸ்டோபர் ஒகிக்போவின் மீதான வழக்கு' என்னும் நாவல். இறந்தோர் உலகில் ஒரு நீதிமன்றம் கூடுகிறது. கலைஞன் என்னும் பொதுமையைக் கீழே போட்டுவிட்டுத் தன் இனத்தை மேலாகக் கொண்டது குற்றமா என்று விசாரிக்கிறது.

அவ்வழக்கில் இரு தரப்பிலும் நியாயம் உண்டு. இந்த உலகம் இழந்தது முப்பத்தைந்து வயதுக் கவிஞரை. என்சுக்காவின் வாயிலைக் காக்க வேறு வீரர்கள் இருந்தனர், அக்கவிதைகளை எழுத வேறு கவிஞர் இல்லை. இது ஒரு வாதம். தன் மக்கள் வெட்டுண்டு இரயிலேறி வந்து இறங்கும்போது, என் உயிர் கவிதைக்கு வேண்டும், உங்கள் பிள்ளைகள் போய்ச் சாகட்டும் என்று சொல்லும் கவிஞரின் கவிதையை யார் படிப்பார்? இது மறு வாதம். முதல் வாதம் அறிவுக்கு எட்டுகிறது. இரண்டாவது எளிதில் விடமாட்டேன் என்கிறது.

ஆயினும் எந்தத் தரப்பும் சொல்லாத ஒன்று இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. எல்லாப் பக்கத்திலும் உறவு உடையவர்களையே உள்நாட்டுப் போர் முதலில் பறித்துக்கொள்கிறது. கிழக்கு, மேற்கு, வடக்கு மூன்றிலும் உரிமையோடு கதவு தட்டக்கூடிய மனிதர்கள் நைஜீரியாவில் மிகச் சிலர். அவர்களுள் ஒருவரைப் போர் ஒரே பக்கத்தில் நிறுத்திச் சீருடை அணிவித்தது. பின்னர் மேசைகள் போடப்பட்டபோது, எதிரில் இருப்பவரைத் தோழராகவும் அறிந்த ஒருவர் அங்கே இல்லை. நாம் இழந்தது ஒரு கவிஞரை மட்டும் அன்று என்று சொல்வது இதனால்தான்.

அவர் இறந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். போரின்போது மத்திய அரசின் பக்கம் நின்றவர் ஜான் பெப்பர் கிளார்க். 1970இல் வெளிவந்த தம் போர்க்காலக் கவிதைத் தொகுதியில், தூக்கணாங்குருவியின் மரணமாக உருவகித்து அவர் ஒகிக்போவுக்கு இரங்கற்பா எழுதினார். பயாஃப்ராவின் தூதராக அலைந்த அச்செபே 1971இல் ஒரு மாங்கன்றின் உருவில் அவரைப் பாடினார். இரு தரப்பையும் ஏற்காமல் சிறையிருந்த சோயிங்கா, 1972இல் வெளியிட்ட சிறைக் கவிதைகளின் இறுதியில் அவருக்கும் பான்ஜோவுக்கும் இடம் தந்தார். போர்க்கோட்டின் மூன்று பக்கங்களிலிருந்து மூன்று கவிஞர்கள் ஒரே மனிதருக்காக அழுதார்கள். நான்கு மாநாடுகளில் கூடாதது மூன்று கவிதைகளில் கூடிற்று.

அழுகை மட்டும் போதாது என்பதை அவர்களும் அறிந்திருந்தனர். 1981இல், ஒகிக்போ வீழ்ந்த அந்த என்சுக்காவிலேயே, அச்செபேயின் முயற்சியால் நைஜீரிய எழுத்தாளர் சங்கம் தோன்றியது. எல்லாப் பகுதி எழுத்தாளர்களும் சேர்ந்த அச்சங்கத்துக்கு அபுஜா தலைநகரில் நிலம் ஒதுக்கிக் கொடுத்தவர் மம்மன் வட்சா. வடக்கைச் சேர்ந்த இராணுவத் தளபதி, அவரும் கவிஞர். 1986இல் ஆட்சிக் கவிழ்ப்புச் சதியில் ஈடுபட்டதாக வட்சாவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோது, அச்செபே, சோயிங்கா, கிளார்க் மூவரும் ஒன்றாகப் புறப்பட்டு, ஆட்சித் தலைவர் பாபங்கிடாவின் முன் சென்று நின்று, அவருடைய உயிருக்காக மன்றாடினர். எம்பாரி முற்றத்தில் எஞ்சியிருந்த மூவர் அவர்கள்.

மன்றாட்டு பலிக்கவில்லை. மார்ச் 5ஆம் நாள் வட்சா சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனாலும் பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் எவராலும் செய்ய இயலாத ஒன்றை அம்மூவரும் அன்று செய்தார்கள். சீருடை அணிந்த ஒரு கவிஞருக்காக, அவர் எந்த இனம், எந்தப் பக்கம் என்று பாராமல், ஒரே வாசலில் சேர்ந்து நின்றார்கள். கவிஞர் அல்லாதார் முன் தம் கவிதையைப் படிப்பதில்லை என்ற ஒகிக்போ அங்கே இருந்திருந்தால், நான்காமவராக அவரும் நின்றிருப்பார் என்றே நம்பத் தோன்றுகிறது.